உட்கார்ந்தால் எண்பத்திரண்டு

கோயம்புத்தூர்
14.7.2024

அண்ணனுக்கு,

‘நான் குடித்தேன் என்று இன்னமும் நினைக்கிறாயா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் குடித்தார் என்பதற்குச் சாட்சி இருக்கலாம். குடிக்கவே இல்லை என்பதற்கு எதைக் காட்டுவது? இருபத்தேழு வருடம் பஹ்ரைனில் இருந்தீர்கள். அத்தனை நாளும் கூடவே இருந்து பார்த்தவர் யார்?

‘நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு, வேறொன்றும் வேண்டாம்’ என்கிறீர்கள். எழுத அரை நிமிடம் ஆகாது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது என்பதைத்தான் இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் புள்ளியியல் என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கிறேன்.

குளிர்பானக் கம்பெனிக் கிடங்கில் வேலை என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தீர்கள். அது மதுபானக் கிடங்கு என்பது, உங்களோடு அங்கே இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய ஒருவர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே ஸ்கேனில் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது என்று வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். யாரும் அப்படித்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். ஷர்மிளா பானுவின் மாமியார் வீட்டில், உங்கள் மருமகனையும் சம்பந்திகளையும் வைத்துக்கொண்டு ‘குடிக்காமல் இந்த நோய் வராது’ என்று நான் சொன்னது தவறு. சொன்ன இடம் தவறு. சொன்ன விஷயம் தவறா என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்று. கடிதத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். வரிகள் மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போகின்றன. பாதி எழுத்து மங்கிவிட்டது. பென்சிலில் எழுதிய விடைத்தாளை நான் திருத்துவதில்லை. என்ன நிலையில் இருந்து எழுதினீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பல்கீஸ்


திருச்சுழி
21.7.2024

அன்புத் தங்கச்சி பல்கீஸுக்கு ஸலாம்.

நாலு வருடம் கழித்து உன் கையெழுத்து. தபால்காரர் முத்துராஜ் கொடுத்துவிட்டு, “என்ன பாய், கோர்ட் நோட்டீஸா? மொகம் இப்படிப் போகுது” என்றார். அதைவிடப் பெரியது என்றேன்.

என்ன நிலையில் இருந்து எழுதினேன் என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டிருக்கலாம். மல்லாக்கப் படுத்து, அட்டையை மேலே தூக்கிப் பிடித்து எழுதுகிறேன். பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் நாலு வரியில் மை நின்றுவிடுகிறது. பென்சில் நிற்பதில்லை. அவ்வளவுதான்.

போனில் பேசலாம் என்றால் நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு ஓடவில்லை. நீயும் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய்.

தாலுகா ஆபீஸ் எதிரில் நம் ஜெராக்ஸ் கடையை இப்போது உன் மதினி நர்கிஸ்தான் பார்க்கிறாள். மிஷினுக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டு என்னைக் கிடத்தியிருக்கிறாள். பட்டா நகல் எடுக்க நரிக்குடிப் பக்கத்து ஆட்கள் நிறைய வருவார்கள். மிஷின் ஓடும் நேரத்தில் அவர்களுக்கு என்னைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. “என்ன பாய், பகல்லயே சாஞ்சாச்சா?” என்பான் ஒருவன். “ராத்திரி ஏத்துனது இன்னும் எறங்கலை போல” என்பான் இன்னொருவன். நர்கிஸ் மிஷின் மூடியைப் படார் என்று போடுவாள்.

ஏன் படுத்தே கிடக்கிறேன் என்றால், உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. நின்றால் அதைவிட மோசம். படுத்தால் சரியாகிவிடுகிறது. இதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சும்மா கிடப்பதற்குச் சாக்கு என்கிறார்கள்.

பள்ளிவாசலில் கதை வேறு. தொழுகையில் நிற்கும்போது கண் இருட்டுகிறது. நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் குனிந்ததும் மூச்சு வந்துவிடுகிறது. எழுந்திருக்க மனம் வரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகும் அப்படியே கிடக்கிறேன். பார்த்தவர்கள், பாவமன்னிப்புக் கேட்டு அழுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை சபீர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ் மன்னிப்பான் ஹாஜா, நாங்களும் மறந்துட்டோம்” என்றார். நிற்கும்போது பாவி, விழுந்தால் அவ்லியா.

செய்யாத தப்புக்கு ஊரே என்னை மன்னித்துவிட்டது பல்கீஸ். அதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்டேன். நீ மன்னிக்க வேண்டாம். நம்பினால் போதும்.

ஹாஜா நஜ்முதீன்


கோயம்புத்தூர்
27.7.2024

அண்ணனுக்கு,

பென்சில் பற்றி எழுதியதை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறது. மூச்சு வாங்குகிறவர்கள் உட்காருவார்கள். படுக்க முடியாது. அம்மா ஆஸ்துமா வந்த நாட்களில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்தே கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. படுத்தால் மூச்சு வருகிறது என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. படுத்தே கிடந்து கிடந்து உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால் உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது. உங்களுக்கு அது மூச்சுத்திணறலாகத் தெரிகிறது.

மதினியிடம் சொல்லுங்கள். நாலு தலையணை வைத்து, நிமிர்ந்து உட்கார வைக்கட்டும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. பழகிவிடும்.

இங்கே மழை இல்லை. கல்லூரி நாலு மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பல்கீஸ்


திருச்சுழி
11.8.2024

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

பதில் தாமதம். காரணம் உன் தலையணை.

படித்த பிள்ளை எழுதியிருக்கிறது, காரணம் இல்லாமல் இருக்காது என்று நர்கிஸ் அன்றைக்கே நாலு தலையணையை அடுக்கிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். “ஒங்களுக்குத் தெரியுமா, அவுகளுக்குத் தெரியுமா? கூனாம உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். நீ சொன்னாய் என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். நம்பவில்லை என்று எழுதியவளுக்கு, நான் உன்னை நம்புகிறேன் என்று காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு.

மூன்றாம் நாள் உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து டீக்கடை தனுஷ்கோடி எட்டிப் பார்த்து, “பாய் என்ன நாவப்பழம் தின்னாரா?” என்று கேட்டிருக்கிறான். நர்கிஸ் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அதற்குள் நான் சாய்ந்துவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்குக் கார் வைத்துக் கூட்டிப்போனார்கள். காரிலும் சாய விடவில்லை. தனுஷ்கோடி ஒரு பக்கம், சபீர் பாய் ஒரு பக்கம் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டே வந்தார்கள். “மூச்சுத் தெணறுற ஆளப் படுக்கப் போட்டா போயிரும்வே” என்கிறான் தனுஷ்கோடி. படுக்க வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில் காற்று இல்லை. பாசத்தால்தான் பிடித்தார்கள். அந்தப் பாசத்திலேயே போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். பத்து நிமிடத்தில் கண் விழித்து, டீ கிடைக்குமா என்று கேட்டேன். நர்ஸ் நர்கிஸைப் பார்த்து, “இதுக்கா இம்புட்டு அழுதீக?” என்றாளாம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

உன்மேல் கோபம் இல்லை. நீ வேண்டும் என்று செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். படுத்தால் மூச்சு வருகிறது என்று நான்தானே சொன்னேன்? இது என் உடம்பு. இதிலும் என் பேச்சு செல்லாதா?

ஹாஜா


கோயம்புத்தூர்
17.8.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் போய்விட்டது. தலையணை யோசனை என்னுடையது. அதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோகிலாம்பாள் இருக்கிறார். ஒன்பது வருடமாகக் காலையில் நடக்கும்போது பார்த்துத் தலையசைப்போம். பேசியதில்லை. இன்று போய்க் கதவைத் தட்டினேன். உங்கள் கடிதங்களில் உடம்பு பற்றிய வரிகளை மட்டும் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, “நிறுத்தும்மா. உட்கார்ந்தா திணறுது, படுத்தா தேவலையாகுதா? அவரே சொன்னாரா?” என்றார். ஆமாம் என்றேன். “கல்லீரல் கெட்டவங்கள்ல சிலபேருக்கு அப்படி வரும். நான் என் சர்வீஸ்ல ரெண்டே ரெண்டு பேரைப் பாத்திருக்கேன். அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. கேட்டவங்கதான் சரியில்லை” என்றார். நான்தான் கேட்டவள் என்று அவரிடம் சொல்லவில்லை.

குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருமா என்றும் கேட்டேன். சர்க்கரையும் உடம்பில் சேரும் கொழுப்புமே போதுமாம். நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறதாம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். நான்கு வருடத்தில் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் பார்க்கும் கருவியை இதோடு அனுப்புகிறேன். விரலில் மாட்டினால் எண் வரும். தினமும் படுத்தபடி ஒரு தடவை, பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை பாருங்கள். ஒரு வாரம். அதற்கு மேல் உட்கார வேண்டாம். எண்ணை மதினி பார்த்து, மதினி கையாலேயே எழுதட்டும். உங்களுக்குக் காட்ட வேண்டாம்.

பல்கீஸ்


திருச்சுழி
1.9.2024

பல்கீஸுக்கு,

எனக்குக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் எண்ணை மாற்றி எழுதிவிடுவேன் என்று நினைத்தாய். அன்றைக்கு முழுக்கக் கருவியைப் பிரிக்கவே இல்லை. பிறகு நர்கிஸ்தான், “சந்தேகப்பட்டாலும் காசு செலவழிச்சு அனுப்பிருக்காகள்ல” என்று பிரித்தாள். அவள் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். படுத்தால் தொண்ணூற்றிரண்டு. உட்கார்ந்தால் எண்பத்திரண்டு.

சீட்டோடு மதுரைக்குப் போனோம். பெரிய டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, நர்கிஸைப் பார்த்தார். “யாரும்மா இப்படி அளக்கச் சொன்னது?” என்றார். “எங்க நாத்தனார், காலேஜ் புரபசர்” என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்தார்கள். உப்புத் தண்ணீரை ஊசியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, குமிழி குமிழியாகக் கை நரம்பில் ஏற்றினார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. குமிழிகள் இதயத்தின் வலது பக்கம் வந்தன. நோய் இல்லாத ஆளுக்கு நுரையீரலோடு நின்றுவிடுமாம். எனக்கு நாலைந்து துடிப்பில் இடது பக்கமும் பொரி இறைத்த மாதிரி வந்து விழுந்தன.

சின்ன டாக்டர் ஒரு பெண், தங்கச்செல்வி, நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைதான். எனக்குப் புரியும்படி சொன்னாள். “கம்மாத் தண்ணி சின்ன வாய்க்கா வழியா மெதுவாப் போனாத்தானே பாத்தி நனையும்? வாய்க்கா அகண்டு போச்சுன்னா தண்ணி விருட்டுனு ஓடிரும், பயிரு காஞ்சே கெடக்கும். ஒங்க நுரையீரல்ல ரத்தக் குழாயி அப்படி விரிஞ்சு போச்சு. ரத்தம் காத்தைத் தொடாமலே ஓடுது. ஒக்காந்தா ரத்தம் கீழ்ப் பக்கம் எறங்கும். அங்கதான் விரிஞ்ச குழாய்க நெறய. அதான் தெணறுது.” கல்லீரல் கெட்டால் இப்படி ஆவது உண்டாம். உணவுக்குழாயிலும் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தன, வெடிக்காமல் இருக்க வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நெஞ்சில் சிலந்திக்கால் போலச் சிவப்புக் கோடுகள் இருப்பதும், விரல் நுனிகள் உருண்டு போனதும் இதே நோய்தானாம். மருந்து கிடையாது. வேறு கல்லீரல் வைத்தால் குழாய்கள் மெல்லச் சுருங்கும். பெயர் பதிந்திருக்கிறோம். வரிசை நீளம். அதுவரை மூக்கில் ஆக்சிஜன்.

இனி பள்ளிவாசலில் கிடப்பது நோய் என்று சொல்லிவிடலாம். சொன்னேன். சபீர் பாய், “அப்படியே இருக்கட்டும் ஹாஜா, குடியில வந்த நோய்க்கும் ஒரு வழி காட்டிட்டான் பாரு” என்கிறார்.

உன் எண்கள் எல்லாம் வந்துவிட்டன. நான் கேட்ட ஒரு வார்த்தை வரவில்லை. வரிசையில் என் முறை வருவதற்குள் வந்தால் நல்லது.

ஹாஜா


கோயம்புத்தூர்
8.9.2024

அண்ணனுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை காலை புறப்பட்டு நானே கொண்டுவருகிறேன். அங்கே வந்து வாய் எழாமல் போனால் கொடுப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எண்ணை உங்களுக்குக் காட்ட வேண்டாம் என்று எழுதியது என் தொழில் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். பழக்கம் மட்டும் இல்லை. உங்களைப் பொய் சொல்பவர் என்று முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எதையும் பார்த்திருக்கிறேன்.

கிடங்கைப் பற்றி நான்கு வருடமாக ஒரு பக்கம் மட்டுமே யோசித்தேன். மதுபானக் கிடங்கு என்று தெரிந்திருந்தால் அத்தா அந்தக் காசைத் தொட்டிருக்க மாட்டார். தொடாமல் இருந்திருந்தால் நான் மதுரையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. முடித்திருக்க மாட்டேன். இதை நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலமாகியிருக்கும். நீங்கள் எழுதவில்லை என்பதை நேற்றுத்தான் கவனித்தேன்.

கல்லீரலில் ஒரு பகுதியை நான் தர முடியுமா என்று விசாரித்தேன். உங்களுடையது ஓ, என்னுடையது பி. பொருந்தாது. வயதும் விளிம்பில் இருக்கிறது. இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை.

நீங்கள் கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். கோகிலாம்பாள் சொன்னது, நோய் குடியால் மட்டும் வருவதில்லை என்பது. நீங்கள் குடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அளக்க முடிந்தவரை அளந்தாயிற்று. மிச்சம் அளக்க முடியாதது. அந்த இடத்தில் வந்து நிற்கிறேன். அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

பல்கீஸ்


திருச்சுழி
9.9.2024, மாலை

அண்ணே,

நீங்கள் தூங்கிவிட்டீர்கள். எழுப்ப வேண்டாம் என்று மதினி சொல்கிறாள். ஐந்தரை பஸ்ஸை விட்டால் மதுரையில் கோவை வண்டி கிடைக்காது, நாளை எனக்கு வகுப்பு இருக்கிறது. அதனால் உங்கள் அட்டையில், உங்கள் பென்சிலால் இதை எழுதிவைக்கிறேன். இன்று நடந்ததில் பாதி, மூச்சுத்திணறலில் உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. மீதி நீங்கள் தூங்கிய பிறகு நடந்தது.

நான் வந்து இறங்கியபோது நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மூக்கில் குழாய் இல்லை. மதினி, “பஸ்ஸு பந்தல்குடி ரோட்டுல நிக்குதுன்னு நீங்க போன் பண்ணதுலருந்து இப்படித்தான் உக்காந்திருக்காக. நாஞ் சொன்னா யாரு கேக்கா?” என்றாள். உதடு நீலமாக இருந்தது. கருவியை மாட்டினேன். எழுபத்தொன்பது.

“படுங்கண்ணே” என்றேன்.

“நாலு வருசங்கழிச்சு வாரவள மல்லாந்து கெடந்தா கூப்புடச் சொல்ற? வா. உக்காரு. எழுதிக் கொண்டாந்தியா?”

கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். “படிக்கத் தெம்பில்ல. அந்த வார்த்த இதுல இருக்கா?”

நான் கருவியில் எண்ணைப் பார்த்தேன்.

“சொல்லு. அப்புறம் படுக்கேன்.”

“முதல்ல படுங்க.”

“சொன்னாப் படுக்கேன்.”

இருவரும் அத்தாவின் பிள்ளைகள். எண் எழுபத்தேழுக்கு இறங்கியது. மிரட்டி வாங்கும் வார்த்தைக்கு மதிப்பு கிடையாது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படிச் சொன்னால் பொய்யாகப் போய்விடும் என்ற பிடிவாதத்தில் நான் நின்றேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். பயிர் இன்சூரன்ஸ் காகிதம் வைத்திருந்தார். உங்களைப் பார்த்துச் சிரித்து, “அட, பாய் எந்திரிச்சு உக்காந்துட்டாரே. இன்னைக்குத் தெளிஞ்சிருச்சு போல” என்றார்.

நான் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னேன். “எங்க அண்ணன் குடிக்கிறவர் இல்லை. ஒரு நாளும் குடிச்சதில்லை. அவருக்கு இருக்கிறது நோய்.” தனுஷ்கோடி டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் எனக்கு.

அந்த ஆள் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தெரியாமச் சொல்லிட்டேன்க்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. ரெண்டு காப்பி வேணும்” என்றார்.

நீங்களாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று எட்டு வைத்து, கட்டிலில் சாய்ந்தீர்கள். நான் குழாயை மாட்டினேன். கண்ணை மூடியபடி, “எதை வச்சுச் சொன்ன?” என்று கேட்டீர்கள். பதில் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டீர்கள்.

சொன்னபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போதும் தெரியாது.

அதன் பிறகு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்று. எண்பத்தாறு. பதினோராவது நிமிடத்தில் தொண்ணூற்றொன்று. மதினி இரண்டு நகல் எடுத்து அவரிடம் கொடுத்தாள். மிஷின் மூடியை மெதுவாகத்தான் போட்டாள்.

பல்கீஸ்